வட் டு டூ அங்கிள்

கட்டுக்கலையில் பஸ் ஏறி கண்டி டவுனில் இறங்குவதற்குள் இவரைக் குறைந்தது இரண்டு தடவையாவது பார்த்துவிடலாம். ஒன்று பஸ் ஹோல்ட்டில், மற்றது பார்மசி வாசலில். ஆள் ஒருவரல்ல. ஊரில் நூறு பேராவது தேறுவார்கள். அயன் கலையாத அரைக்கைச் சட்டை, பொக்கட்டில் இரண்டு பேனா (ஒன்று எழுதாது), வெயிலானாலும் மழையானாலும் கையில் நீளக் குடை. வாயைத் திறந்தால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு இங்கிலிஷ் வரும்: "வட் டு டூ, மென்!"

அங்கிளுக்கு மூன்று பாஷை. மீன்காரரோடு பேரம் சிங்களத்தில். வீட்டில் கோபம் தமிழில். பொறுமை மட்டும் எப்போதும் இங்கிலிஷில். தமிழில் பொறுத்துக்கொண்டால் அது கையாலாகாத்தனம், இங்கிலிஷில் பொறுத்துக்கொண்டால் அது பண்பாடு என்பது அவருடைய துணிபு. பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சிங்களப் பிள்ளைகள் இங்கிலிஷுக்கு 'கடுவ' என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம், வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர். அங்கிள் அந்த வாளை ஒருநாளும் வீசியதில்லை. விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் கீழே ஒதுங்கி நிற்பார்.

கஷ்டத்தின் தரம் பார்த்துத்தான் சொல்லை எடுப்பார். பேப்பர் பிந்தி வந்தால் "நெவர் மைன்ட்". பஸ்காரர் ஹோல்ட்டில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போனால் "கான்ட் ஹெல்ப், நோ?". பெரஹரா நாளில் வீதியை மூடி, கட்டுக்கலைக்குப் போக வேண்டியவரை வாவியைச் சுற்ற விட்டால் "வீ ஹாவ் டு புட் அப் வித் இட்". அதற்கு மேலேயும் ஒரு படி உண்டு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அன்றைக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார்: "கிரின் அண்ட் பெயார் இட்." சிரித்துக்கொண்டே தாங்க வேண்டுமாம். தாங்கினார். சிரிப்பைத்தான் காணவில்லை.

அந்த வருஷம் பெட்ரோல் கியூவில் அவர் அடைந்த உயரத்தைப் பிறகு எட்டவில்லை. வீட்டில் பழைய மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. கியூவில் அதைத் தள்ளித் தள்ளி நகர்த்தியபடி, முன்னுக்கு நின்ற வான்காரருக்கும் பின்னுக்கு நின்ற லோயருக்கும் இங்கிலிஷ்காரனின் 'ஸ்டிஃப் அப்பர் லிப்' பற்றி விளக்கம் கொடுத்தார். மேலுதடு நடுங்காமல் இருப்பதுதான் வீரமாம். ஜூலையில் பெட்ரோலுக்குக் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், ஓட்டோவுக்கு 5 என்று ஆனதும் கியூ கரைந்துவிட்டது. அங்கிளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்பது என் எண்ணம்.

பின்னேரத்தில் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு. "பெயார்" என்று போர்டில் எழுதி, "பொறுத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுப்பார். போன மாதம் ஒரு வாண்டு, "ப்ளீஸ் பெயார் வித் மீ" என்பதைத் தமிழில் எழுதச் சொன்னபோது, "தயவுசெய்து என்னோடு கரடி" என்று எழுதி வைத்தான். இன்னொரு பிள்ளை, "ஐ கான்ட் ஸ்டான்ட் இட்" என்பதற்கு, "என்னால் அதில் நிற்க முடியாது." அங்கிள் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். அந்தப் பிள்ளை தினமும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறது. நானாயிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

அவருடைய குலதெய்வம் ராபர்ட் நொக்ஸ். 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, கண்டி ராஜ்ஜியத்தில் பத்தொன்பது வருஷம் கைதியாக இருந்த இங்கிலிஷ்காரர். கடைசியில் இருந்தது பேராதனைக்கு அந்தப் பக்கம் எலதெட்டையில். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஒரு இங்கிலிஷ் பைபிள் கண்ணில் பட்டபோது தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். "பத்தொன்பது வருஷம், மென்! புட் அப் வித் என்றா அதுதான் புட் அப் வித்" என்பார் அங்கிள், கண் கலங்க. ஆனால் அதே நொக்ஸ் சாமான் விற்கிற சாட்டில் வடக்குப் பக்கமெல்லாம் நடந்து, ஓடுவதற்கு வழி பார்த்துக்கொண்டேயிருந்தார். 1679இல் காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் எல்லாவற்றையும் புத்தகமாக அச்சில் போட்டார். இந்தப் பாதிக்கதையை அங்கிள் சொல்வதில்லை.

இத்தனை சொல்லையும் எங்கே பிடித்தார் என்றால், தோட்டத்தில். கலஹாவைத் தாண்டி, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர பக்கம், ஒரு தோட்டத்து ஆபீசில் இளவயதில் கிளாக்கராகச் சேர்ந்தவர். துரைக்குத் தமிழ் மட்டுமட்டு. லயத்துச் சனத்துக்கு இங்கிலிஷ் கிடையாது. நடுவில் இவர். மழைக்காலத்தில் ஆட்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தலையில் கொங்காணியோடு வந்து நிற்பார்கள். தகரம் ஒழுகுது, பிள்ளைகளைப் படுக்கப்போட இடமில்லை. துரை பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே, "தே வில் ஹாவ் டு புட் அப் வித் இட்" என்பார். கிளாக்கர் ஜன்னல் பக்கம் திரும்புவார்.

"தொர பாக்குறேன்னு சொல்றாரு."

சனம் கும்பிட்டுவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். துரை அதையே சொல்லுவார், இவரும் இதையே சொல்லுவார். 1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரை கப்பலேறினார். பைப்பைக் கையோடு கொண்டுபோனவர், சொல்லை மட்டும் இவரிடம் விட்டுவிட்டுப் போனார். ஒருநாள் பிளேன்டீ குடித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்ன அங்கிள், "தப்பா மொழிபெயர்த்தேன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். அன்றைக்குப் பெருமூச்சும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. எனக்கும் பதில் வரவில்லை. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

போன கிழமை அவர் வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. அங்கிள் அயன் பண்ணின சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர்க் கந்தோருக்குப் போன் எடுத்தார். இங்கிலிஷில் கதைப்பதென்றால் அவருக்கு உடுப்பு முக்கியம். மறுபக்கத்தில் ஒரு இளம்பிள்ளை, நல்ல சுத்தமான உச்சரிப்பு. ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. குழாய் வேலை முடியும்வரை எதுவும் செய்வதற்கில்லை, "யூ வில் ஹாவ் டு புட் அப் வித் இட், சேர்."

அங்கிள் போனை வைத்தார். பேனாக்களைச் சரிபார்த்தார். குசினியிலிருந்து அன்ரி எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்றார்.

"பாக்குறேன்னு சொல்றாங்க."

அன்ரி ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் தயாராக இருந்த இரண்டு வாளியையும் எடுத்து என் கையில் தந்தார்.