சாக்கு கிடைக்காத பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு பொருள் வாசல்படி தாண்டி உள்ளே வர வேண்டுமென்றால் அதற்குக் காரணம் வேண்டும். "ஆசையா இருக்கு" என்பது காரணம் அல்ல, அது வியாதி. ஏசி வந்தது அம்மாவுக்கு வேர்க்குரு என்பதால். ஏர் ஃபிரையர் வந்தது என் கொலஸ்ட்ராலுக்காக. இப்போது அதில் சமோசா சூடாகிறது, கொலஸ்ட்ரால் அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் வரும்போது காரணத்தோடு வந்தது அல்லவா, அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. செஸ் போர்டு மூளைக்கு. கேரம் போர்டு பிள்ளைகள் வெயிலில் அலையாமல் இருக்க. 43 அங்குல டிவிகூட 2020 ஊரடங்கில் 'ஆன்லைன் கிளாஸ்' என்ற பெயரில்தான் ஹாலுக்குள் நுழைந்தது. அதில் கிளாஸ் நடந்ததை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் நாற்பதைத் தாண்டிய ஓர் ஆள் பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா என்று யோசித்தால் என்ன ஆகும்? முதலில் அவன் நல்ல சாக்காக ஒன்று தேட வேண்டும்.

சாக்குத் தேடுவதில் நான் முன்னோடி இல்லை. விற்கிறவர்களே அதைத் தேடித்தான் பிழைத்திருக்கிறார்கள். 1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் ஒரு விளையாட்டுப் பெட்டியை இறக்கியபோது அதற்கு வைத்த பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. குடும்பமும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு, விளையாட்டு மட்டும் பெயரில் இல்லை. அதே சமயம் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் தலைகுப்புற விழுந்து கிடந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். 1985-இல் நின்டெண்டோ அங்கே போனபோது கூடவே ஒரு குட்டி ரோபோவையும் அழைத்துப்போனது. "இது வீடியோ கேம் இல்லை சார், ரோபோ பொம்மை" என்கிற தோரணை. அந்த ரோபோவுக்கென்று வந்த ஆட்டங்கள் மொத்தமே இரண்டு. பெட்டி வீட்டுக்குள் போனதும் ரோபோ வந்த வேலை முடிந்தது.

2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-க்கு வாய்த்த சாக்கு அதைவிடப் பிரமாதம்: அதில் டிவிடி ஓடும். "எப்படியும் டிவிடி பிளேயர் வாங்கத்தானே போறோம்" என்ற ஒரு வரி எத்தனை வீடுகளில் எத்தனை மொழிகளில் ஒலித்ததோ, உலகம் முழுக்கப் பதினைந்து கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. 2006-இல் பிளேஸ்டேஷன் 3 ப்ளூரேயைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த நின்டெண்டோவின் வீ, கையை வீசி ஆடுகிற ஆட்டங்களோடு வந்தது. அடுத்து, ஏறி நிற்க ஒரு பலகையையும் சேர்த்து அதை உடற்பயிற்சி என்றே விற்றார்கள்.

என் அப்பா இந்த வலையில் விழுந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எல்லார் வீட்டிலும் 'டிவி கேம்' வந்துகொண்டிருந்த காலம். நின்டெண்டோ பெட்டியின் நகல்கள், யார் செய்தது என்று பெட்டியில் தேடினாலும் கிடைக்காது. அப்பா வாங்கியது கீபோர்டு வைத்த ரகம். கூடவே தட்டச்சுப் பாடம் அடங்கிய கேசட் ஒன்று. "பையன் கம்ப்யூட்டர் கத்துக்கிறான்" என்று உறவுக்காரர்களிடம் அவர் சொல்லும்போது, உள்ளே நான் மஞ்சள் நிற கேசட்டை ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகிக்கொண்டிருப்பேன். அதன் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். இறங்கிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். வாத்து சுடும் ஆட்டத்தில் குறி தவறினால் ஒரு நாய் தலையைத் தூக்கிச் சிரிக்கும். தட்டச்சு எனக்கு இன்றுவரை இரண்டு விரல்தான்.

ஆக, சாக்கு என்பது எனக்குப் பிதுரார்ஜித சொத்து. அந்த நம்பிக்கையில் மனைவியிடம் பேச்சை ஆரம்பித்தேன்.

"இதுல 4கே ப்ளூரே படம் ஓடும்."

"நம்மகிட்ட ப்ளூரே எங்க இருக்கு?"

"இனிமே வாங்கலாம்."

"மெஷினுக்காக டிஸ்க் வாங்கணும், டிஸ்க்குக்காக மெஷின் வாங்கணும். அப்படித்தானே?"

ஓடிடி எல்லாம் தெரியும் என்றேன். அது டிவியிலேயே தெரிகிறது என்றாள். மன அழுத்தம் குறையும் என்றேன். அழுத்தம் குறைய மாவரைக்கிற கடை வரைக்கும் நடந்து போய்விட்டு வரலாம், கையோடு மாவும் வரும் என்றாள். கடைசி அஸ்திரமாகப் பிள்ளைகளைக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பா, தயவுசெஞ்சு எனக்காகன்னு சொல்லாதீங்க. அப்புறம் மார்க் குறைஞ்சா அதையும் என் கணக்குல எழுதுவீங்க. நான் போன்லயே ஓசியில ஆடிக்கிறேன்."

உண்மையில் இந்த ஆசை எனக்குத் தொற்றியது ஆபீஸ் நண்பர் ஒருவரின் கிரகப்பிரவேசத்தில். கை கழுவ இடம் தேடிப் போனவன், அவர் பையனின் அறையில் மாட்டிக்கொண்டேன். அவன் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தான். பிடிக்கும்போதே உள்ளங்கையில் ஏதோ பொடி மணல் போலச் சொரசொரப்பு. திருப்பி, கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், மணல் இல்லை. முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று பிளேஸ்டேஷன் பொத்தான்களின் சின்னங்களே கடுகிலும் சிறிதாகக் கன்ட்ரோலரின் பின்பக்கம் முழுக்கப் பொறிக்கப்பட்டிருந்தன. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாமல் எவனோ ஒருவன் உட்கார்ந்து செய்திருக்கிறான்.

பெட்டியோடு இலவசமாக வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற ஆட்டத்தைப் பையன் போட்டான். குட்டி ரோபோ ஒன்று நடக்கிறது. மணலில் நடந்தால் கையில் ஒரு மாதிரி, இரும்புத் தகட்டில் நடந்தால் வேறு மாதிரி. திடீரென்று திரையில் மழை. துளிகள் என் உள்ளங்கையில் பொட்டுப் பொட்டென்று விழுகின்றன. விரல் வைக்கும் விசையை அழுத்தினால் பாதியில் இறுகி எதிர்த்து நிற்கிறது. நான் வெளியே வந்தபோது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது. வருத்தம் ஏற்படவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும் என்பாள் மனைவி.

இனி கணக்கு. கேட்ஜெட் விஷயத்தில் எங்கள் தலைமுறைக்கு ஒரே தாரக மந்திரம்தான்: கொஞ்சம் பொறு, விலை குறையும். பொறுத்தார் பூமி ஆள்வார். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது, 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. ஆனால் பிளேஸ்டேஷன் 5-இடம் இந்த மந்திரம் பலிக்கவில்லை. 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் 54,990 ஆனது. 2024 ஏப்ரலில் உடம்பு மெலிந்து 'ஸ்லிம்' என்று வந்தபோதும் விலை மட்டும் மெலியவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே 50 டாலர் ஏற்றினார்கள். சிப்பைச் சிறிதாக்கினால் செலவு சரசரவென்று இறங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நுணுக்கமான சிப் செய்வதே பெருஞ்செலவு, அதன் மேல் விலைவாசி வேறு.

"நாளாக ஆக விலை ஏறுதா? அப்போ தங்கம் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன் உற்சாகமாக.

"அப்போ தங்கமே வாங்கிடலாமே."

இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.

அடுத்த சிக்கல், டிஸ்க் போடும் பெட்டியா, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் பெட்டியா என்பது. நான் விசாரித்தபோது இரண்டாவது பத்தாயிரம் ரூபாய் குறைவு. நம்மவர்களுக்குச் சட்டென்று கை அங்கேதான் போகும். ஆனால் டிஜிட்டலில் எல்லா ஆட்டத்தையும் கம்பெனியின் கடையில் மட்டுமே வாங்க வேண்டும். புதிதாக வரும் பெரிய ஆட்டம் நாலாயிரம், ஐயாயிரம் என்று நிற்கிறது. டிஸ்க் என்றால் பழையது பாதி விலைக்குக் கிடைக்கும், ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனுடன் மாற்றிக்கொள்ளலாம். திரும்பி வராமல் போனால் அந்த நட்பின் தரமும் தெரிந்துவிடும். நாலைந்து ஆட்டத்திலேயே பத்தாயிரம் ஈடுகட்டிவிடும். வருடத்துக்கு ஒரே ஆட்டம், அதுவும் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குகிறவர் என்றால் மட்டும் டிஜிட்டல் போதும்.

நான் தாளில் எழுதினேன். டிஸ்க் பெட்டி, அன்றைய விலையில் 54,990. இரண்டாவது கன்ட்ரோலர் ஆறாயிரத்துக்குப் பக்கம். வருடத்துக்கு இரண்டு பழைய ஆட்டங்கள், ஒன்று 2,500 என்று ஐந்து வருடத்துக்கு 25,000. ஆக மொத்தம் 86,000. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை இணையத்தில் மற்றவர்களோடு ஆடப் பெரும்பாலும் தனிச் சந்தா வேறு உண்டு. முகம் தெரியாத பன்னிரண்டு வயதுப் பையனிடம் தோற்பதற்கு மாதாமாதம் காசு கட்ட எனக்கு உத்தேசமில்லை, அதை அடித்துவிட்டேன். வாரம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஐந்து வருடத்தில் 520 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 165 ரூபாய். மின்சாரம்? பெட்டி ஆட்டத்தின்போது 200 வாட் வரை இழுக்கும். 520 மணி நேரத்துக்கும் சேர்த்து நூறு யூனிட் சொச்சம்தான். நம் அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிற அளவு. மொத்தப் பட்டியலில் ஆறுதலான வரி இது ஒன்றே.

இந்தக் கணக்கில் விலையைவிட முக்கியமான எண் அந்த 520. வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் விலையையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வகுக்கும் எண்ணைப் பார்ப்பதில்லை. வாரத்துக்கு அரை மணிதான் கிடைக்கும் என்றால் அதே பெட்டி மணிக்கு 660 ரூபாய். அதற்கு, மணிக் கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் கடைக்குப் போய்விடலாம்.

எங்கள் வீட்டில் அந்த நேரம் எங்கே இருக்கிறது? மாலை ஆறரையிலிருந்து பத்து மணிவரை டிவி அம்மாவுக்குச் சொந்தம். ஒரு சீரியலில் கல்யாணம் நிற்கும், அடுத்ததில் நடக்கும். பத்துக்கு மேல்தான் நமக்குப் பட்டா. நல்லவேளை, ஹெட்ஃபோனை நேராகக் கன்ட்ரோலரிலேயே செருகலாம், யார் தூக்கமும் கெடாது. டிவியை மாற்ற வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். நொடிக்கு 120 படங்கள் ஓடும் வித்தையைப் பார்க்கத்தான் புது ரக டிவி வேண்டும், மற்றபடி உங்களுடையதிலும் ஓடும் என்றார். "ஓடும்" என்று சொன்னபோது என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். ஷோகேஸை அளந்தேன். ஸ்லிம் என்று பெயர் பெற்றதே நிற்க வைத்தால் 36 சென்டிமீட்டர் உயரம். படுக்க வைக்கலாம், ஆனால் சூடான காற்று போக வழி வேண்டும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடைக்கக் கூடாது. மகளின் மாறுவேடப் போட்டிக் கேடயமும் கொலுச் செட்டியார் பொம்மையும் இடம் மாற வேண்டியிருக்கும். செட்டியாரை நகர்த்துவது பற்றி அம்மாவிடம் பேசும் தைரியம் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் அலசிய பிறகு ஒன்று புரிந்தது. டிவிடி, உடற்பயிற்சி, கம்ப்யூட்டர் என்று முன்னோர்களுக்கு வாய்த்த சாக்குகளையெல்லாம் இப்போது டிவியும் போனும் தின்றுவிட்டன. இந்தப் பெட்டிக்கு மிச்சமிருப்பது விளையாட்டு மட்டும்தான். அதை வாய்விட்டுச் சொல்ல முடிந்தவர்கள் வாங்கலாம். முடியாதவர்கள் வாங்கினாலும் துணி போட்டு மூடித்தான் வைப்பார்கள்.

ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். "எனக்கு விளையாடணும் போல இருக்கு. அதுக்குத்தான் வாங்கணும். வேற காரணம் எதுவும் இல்ல."

அடுத்த தோசை வரத் தாமதமானது. அம்மாதான் முதலில் பேசினாள். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா? டிஸ்க்கு, சிப்புன்னு மாசக்கணக்கா உயிரை வாங்கினியே. வாங்கிக்கோ."

மனைவி தோசைக் கரண்டியோடு வந்தாள். "அப்போ நம்ம வீட்டுல இனிமே காரணம் இல்லாமலும் வாங்கலாம். அப்படித்தானே?"

"ஆமா" என்றேன், பெருந்தன்மையாக.

"எனக்கு ஒரு தேக்கு ஊஞ்சல் வேணும். பித்தளைச் சங்கிலி போட்டது. எதுக்குன்னு கேக்கக் கூடாது. ஆடத்தான்."

அவள் ஏற்கெனவே விலை விசாரித்து வைத்திருந்தாள். அது இரண்டு பிளேஸ்டேஷனுக்குச் சமம். கொக்கி போட ஹாலில் தோதான இடம் ஒன்றுதான், டிவிக்கு நேர் எதிரே. ஆசைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் நமக்கு எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தி வந்திருக்கிறது என்று தட்டைப் பார்த்தபடி யோசித்தேன். கன்சோல் வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பட்ஜெட் போடும்போது வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏனென்றால் அம்மா கை கழுவிவிட்டு வந்து, முந்தானையில் துடைத்தபடி சொன்னாள்:

"எனக்கும் ஒண்ணு மனசுல இருக்கு. சீரியல் முடியட்டும், சொல்றேன்."