திண்டுக்கல் ரவுண்டு

1973, ஹெவிவெயிட்காரர்களின் தாடைக்கு ராசியில்லாத வருடம். ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன், ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரைக்கு அனுப்பினார். ஜூனில் எர்னி ஷேவர்ஸ், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸின் கணக்கை முதல் ரவுண்டிலேயே முடித்தார். நடுவில் மே 20 அன்று, இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் ஒரு நாக்-அவுட் திண்டுக்கல்லில் நடந்தது. பேப்பர்காரர்கள் அதற்கு இடைத்தேர்தல் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த மூலையில் 1971-ல் 184 தொகுதியை வாரிக்கொண்ட தி.மு.க. இந்த மூலையில் பிறந்து ஏழு மாதம் ஆன எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.; இரட்டை இலைக்கு அதுதான் முதல் பெரிய சண்டை. எடை பார்த்து ஜோடி சேர்க்கும் எந்த நடுவரும் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். ஆனால் ஒன்பது நாள் முன்னால்தான் எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியாகியிருந்தது. படம் ஓடினால் சேலை கட்டிக்கொள்வதாகத் தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டார் என்று தென்மாவட்டங்களில் இன்றும் அலுக்காமல் சொல்வார்கள். படம் ஓடியது. அ.தி.மு.க.வின் வக்கீல் மாயத்தேவர் லட்சத்துக்கு மேல் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சிக்கு மூன்றாமிடம். இந்திரா காங்கிரஸுக்கு டெபாசிட்டே போயிற்று. அவர்கள் ரிங்கில் ஏறியதைப் பாதிப் பேர் கவனிக்கவில்லை.

குத்தின் வேகத்தை மட்டும் பார்த்தால், எம்.ஜி.ஆர்.தான் நம் ஊர் ஃபோர்மேன். ஆனால் ஓங்கிக் குத்துகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எதிராளி விழாவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. 1974-ல் கின்ஷாசாவில் முகம்மது அலி கயிற்றில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, ஃபோர்மேனை ஆசைதீர அடிக்கவிட்டார். எட்டாவது ரவுண்டில் களைத்து விழுந்தது அடித்தவர். ஷேவர்ஸ் ஜெயித்த 74 சண்டையில் 68 நாக்-அவுட். அவரிடம் 1977-ல் பதினைந்து ரவுண்டும் வாங்கிக்கொண்டு, பாயின்டில் ஜெயித்துப் போனார் அலி. ஷேவர்ஸின் மொட்டைத்தலைக்குப் பட்டப்பெயர் வைக்கவும் அவருக்கு நேரமிருந்தது.

அடியைத் தாங்கி ஜெயிக்கும் இந்த வித்தை தி.மு.க. தலைவர் கருணாநிதிக்கும் கைவந்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் திண்டுக்கல்லுக்கு அவர் நிறுத்திய ஆள் யார்? அதே மாயத்தேவர்! தன்னை விழவைத்த கையைத் தன் மூலைக்கே கூட்டிவந்து, உதயசூரியனை மாட்டிவிட்டார். ஜெயிக்கவும் வைத்தார். மாநிலத்தில் 39 இடத்தில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டு.

இந்த அடியின் வீக்கம் வடிவதற்குள் மெட்ராஸுக்கு விருந்தாளியாக வந்திறங்கினார் அலி. நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. எதிரில் பழைய சிநேகிதர் அதே ஜிம்மி எல்லிஸ். அலிக்கு வயது 38, தொப்பை எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது. எல்லிஸ் ஓய்வு பெற்று ஐந்து வருடம். இருவரும் வலிக்காமல் தட்டிக்கொண்டார்கள். நிஜமாக அடி வாங்கியிருந்தவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் வந்திருந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.தான்.

அடுத்த குத்து ரிங்குக்கு வெளியிலிருந்து வந்தது. பிப்ரவரி 17 அன்று இந்திரா காந்தி 356-வது பிரிவை எடுத்து மாநில அரசைக் கலைத்தார். திண்டுக்கல்லில் டெபாசிட் இழந்த அதே கட்சிதான். டெல்லியிலிருந்து வீசினால் ஷேவர்ஸின் வலதுகைகூட அதன் பக்கத்தில் நிற்காது. எம்.ஜி.ஆர். மே மாதத் தேர்தலில் 129 இடத்தோடு எழுந்து வந்தார். கருணாநிதியோ 1957 முதல் 2016 வரை 13 சட்டமன்றத் தேர்தலில் நின்று, ஒன்றில்கூடச் சொந்தத் தொகுதியில் தோற்கவில்லை. கட்சி எத்தனை முறை மல்லாந்தாலும் சரி.

குத்துக்கு எம்.ஜி.ஆர்., தாடைக்குக் கருணாநிதி என்பது என் தீர்ப்பு. பெல்ட்டை மட்டும் மாயத்தேவருக்குத்தான் கொடுப்பேன். இரண்டு மூலைக்கும் ஆடி, இரண்டிலிருந்தும் திண்டுக்கல்லில் கை தூக்கப்பட்டவர் அவர்.