நெடுந்தீவு நுரையியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

வீட்டில் பியர் காய்ச்சும் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியிருக்க, யாழ்ப்பாணத் தீவுகளில் மட்டும் ஏன் வேர்விடவில்லை? இந்த வினாவை இதுவரை எவரும் எழுப்பவில்லை. எவரும் எழுப்பாததே ஒரு வினாவை ஆராயப் போதிய காரணம் என்பது பட்டமேற்படிப்பு உலகம் ஏற்றுக்கொண்ட மரபு.

முன்னைய ஆய்வுகள்

வில்லியம் பேர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை நூலில், பனைக்கு 801 பயன்கள் உண்டெனக் கூறும் ‘தால விலாசம்’ எடுத்தாளப்படுகிறது. அன்றுதொட்டுப் பனையைப் பற்றி எழுதப் புகுவோர் 801 என்று எழுதிவிட்டே அடுத்த வரிக்குப் போகிறார்கள். எண்ணிப் பார்க்கத் துணிந்த இவ்வாய்வாளர், கள்ளை அடைந்ததும் அங்கேயே தங்கிவிட்டார்.

பெயரீட்டுக் கோட்பாடு

ஒல்லாந்தர் நெடுந்தீவுக்குத் தம் நாட்டு டெல்ஃப்ட் நகரின் பெயரைச் சூட்டினர். அந்த டெல்ஃப்ட் ஒருகாலத்தில் பியருக்குப் பேர்போன ஊர். 17ஆம் நூற்றாண்டில் அத்தொழில் நொடித்துப்போக, வெறுமையாய்க் கிடந்த பியர்ச்சாலைகளுக்குள் மட்பாண்டக்காரர் குடிபுகுந்தனர். நீலப்பூப் போட்ட கோப்பைகள் அங்கிருந்துதான் உலகுக்குப் போயின. அதே ஊர்த் துணி வியாபாரி லேவன்ஹுக், 1680இல் பியர்த்துளியொன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, மதுவத்தின் நுண்ணுருண்டைகளைக் கண்டு லண்டன் றோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

ஆக, பியர் டெல்ஃப்டுக்கு உரியது, நெடுந்தீவும் டெல்ஃப்ட், எனவே பியர் நெடுந்தீவுக்கு உரியது. சான்று மெலிந்தது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் கவனிக்க: இதைவிட மெலிந்த சான்றுகளைக் கொண்டு முழுக் கண்டங்களையே கடலுக்குள்ளிருந்து தூக்கி நிறுத்தியவர்கள் நம்மவர்கள்.

மேலும், அங்கே மட்பாண்டமும் நொதித்தலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. இங்கே கள் மண்முட்டிக்குள் ஊறுகிறது. இவ்வொற்றுமை தற்செயலானதென்று பெரியவர் ஒருவர் சொன்ன கருத்து அச்சேற்றத் தக்கதல்ல (காண்க: நெடுந்தீவுப் பெருக்கு மரம், பொந்துப் பக்கம், பேசியவர் வாயில் வெற்றிலை). தீவுக் குதிரைகளுக்கும் நுரைக்கும் உள்ள தொடர்பு தனி நூலாக வரும்.

வெப்பம்

கூடுதல்.

தண்ணீர்

ரொறன்ரோவிலோ லண்டனிலோ நிலக்கீழ் அறையில் பியர் காய்ச்சப் பழகிய தீவுக்காரர் ஒருவர், விடுமுறைக்கு வரும்போது அடர்த்திமானி, மூடியில் குழாய் செருகிய வாளி, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹொப்ஸ் பூ சகிதம் குறிகட்டுவானில் வள்ளமேறுகிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் பியருக்குப் பெரிய ஆலைகளிலேயே நாலைந்து லீற்றர் தண்ணீர் செலவாகும்; வீட்டில் கழுவுவதும் ஆறவைப்பதும் சேர்ந்தால் இன்னும் கூடும். தீவிலோ பெரும்பாலான கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த ஊரில், அதை வாளிவாளியாக ஊற்றி ஒரு வாளி கசப்பு எடுப்பதை விளக்க முற்படும்போது கிடைக்கும் எதிர்வினை பதிவாகியுள்ளது: “தம்பி, உதை வாழைக்கு விட்டிருந்தாலும் ஒரு குலை கண்டிருக்கலாம்” (வேலணை, கிணற்றடி, இரு குரல்கள், ஒன்று ஆச்சியுடையது, மற்றது அவவின் மருமகளுடையது, இரண்டும் ஒரே நேரத்தில், இவ்விருவரும் உடன்பட்ட ஒரே விடயம் இதுவென அயலவர் குறிப்பு).

பனைக்கு வாளியும் வேண்டாம், வாற்கோதுமையும் வேண்டாம். நிலத்தடியில் கிடைக்கும் தண்ணீரைத் தானே உறிஞ்சி, இனிப்பாக்கிப் பாளைக்கு ஏற்றிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காமல் கருப்பணி. பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவமே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, இன்னும் விட்டால் வினாகிரி. பவேரியாவில் 1516இல் இயற்றிய பியர்ச் சட்டம் தண்ணீர், வாற்கோதுமை, ஹொப்ஸ் என மூன்றை மட்டும் அனுமதித்தது. மதுவம் அவர்கள் கணக்கிலேயே இல்லை. நம் வீடுகளிலோ அப்பமாவுக்குக் கொஞ்சம் கள்ளு விட்டு மூடிவைத்த கை, லேவன்ஹுக்குக்குக் கடிதம் எழுதாமலே காரியத்தை முடித்துக்கொண்டது.

சட்டம்

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம். சட்டத்தை இங்கே விட்டுப்போன பிரித்தானியர், தம் ஊரில் 1963இல் வீட்டுக் காய்ச்சலுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று ஆக்கிக்கொண்டார்கள். மேலதிக விளக்கத்துக்கு இவ்வாய்வாளர் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை.

பன்னாடை

பனையிலேயே விளையும் இந்த வலை, கள்ளை வழியவிட்டு ஈ, எறும்பு, பாளைத்தூள் ஆகியவற்றைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாணாக்கரை வகுத்த நன்னூலார் இதை நெய்யரி என்று சொல்லிக் கடைசி வகையில் வைத்தார். பல்கலைக்கழகங்கள் வந்தபின் அது முதல் வகைக்கு ஏறிவிட்டது. உதாரணத்துக்கு, கள்ளின் நுண்ணுயிர்களை இலத்தீன் பெயரிட்டு வரிசைப்படுத்தும் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாவுக்குக்கூட அவற்றில் இரு சொல்லில் பெயர் உண்டு. காலில் தளநாரும் இடுப்பில் கத்திக்கூடுமாக ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்கிய சீவல் தொழிலாளி அங்கே ‘மாதிரி சேகரிக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்திருக்கிறார்.

பிளாவும் ஆய்வுமுறையும்

பனையோலையை மடித்துக் கட்டிய பிளா, அறிவியல் கருவி என்ற வகையில் பல சிக்கல்களைக் கொண்டது. அதற்கு அடிப்பாகம் தட்டையல்ல. அடர்த்திமானியை இறக்கினால் சாய்ந்து படுத்துவிடுகிறது. நுரை எவ்வளவு நேரம் நிற்கிறதென்று அளக்க முடியவில்லை. அளக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர் “ஆறப்போகுது, குடியும்” என்கிறார். கள் ஆறுமா என்ற துணைவினாவுக்குக் கிடைத்த ஒரே சான்று முரண்பட்டது (தீவுப்பகுதித் தவறணை, மேற்கு வாங்கு; சொன்னவர் பின்னர் மறுத்தார், மறுத்ததைப் பின்னர் மறந்தார், மறந்ததற்குச் சாட்சி எதிர் வாங்கு, எதிர் வாங்கு அப்போது நித்திரை).

எல்லாவற்றையும்விடப் பெரிய இடையூறு, பிளாவைக் கீழே வைக்க முடியாது. குடித்து முடியும்வரை இரண்டு கைகளும் அதிலேயே இருப்பதால் குறிப்பெடுக்க வழியில்லை. முடிந்தபின் எடுத்த குறிப்புகள் கைவசம் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிவருகிறோம்.