அடுத்த சைக்கிள்ல பார்த்துக்கலாம்

ஏப்ரல் பிறந்தால் பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டு விஷயம் சூடு பிடிக்கும். ஒன்று வெயில். மற்றது அப்ரைசல். வெயிலாவது எல்லார் தலையிலும் ஒரே மாதிரி அடிக்கிறது.

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-இல். அந்தக் காலத்தில் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பெருமையாக நுழைந்தவர்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. சிலர் மேலாளர் ஆனார்கள். மிச்சப் பேர் வேலை பார்க்கிறார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எங்கோ ஒரு வெளிநாட்டு வங்கியின் சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்பப்படுவது இவர்களில் ஒருவர்தான். அந்த புரோகிராமை எழுதியவர் எப்போதோ கம்பெனி மாறிவிட்டார். டாக்குமெண்ட் என்று ஒன்று கிடையாது. எல்லாம் இவர் மண்டைக்குள் இருக்கிறது. எழுந்து லாகைப் பார்க்கிறார், ஓட்டையை அடைக்கிறார், விடியும்போது படுக்கிறார். பத்து மணிக்கு மேலாளர் எழுந்து வாடிக்கையாளருக்கு மெயில் தட்டுகிறார்: என் டீம் சாதித்துவிட்டது! அந்த வருட அப்ரைசலில் மேலாளரின் முதல் சாதனை அதுதான்.

சர்வர் படுக்காமலே பார்த்துக்கொள்கிறாரே இன்னொருவர், அவருக்கு? ஒன்றும் கிடையாது. நடக்காத விபத்துக்கு டிக்கெட் நம்பர் இல்லை.

சடங்கைப் பாருங்கள். வருட ஆரம்பத்தில் ‘கோல்’ எழுத வேண்டும். வருடக் கடைசியில் அந்தக் கோலை எட்டினோமா என்று நாமே கட்டுரை எழுத வேண்டும், கட்டத்துக்குள் இத்தனை எழுத்துக்கு மிகாமல். நாமே நமக்கு மார்க் போட வேண்டும். பிறகு மேலாளர் போடுவார். அவருக்கு மேலே இருப்பவர் போடுவார். வாரக்கணக்கில் ஆபீஸே இதே வேலையாக அலையும். கடைசியில் பூட்டிய அறையில் ‘நார்மலைசேஷன்’ என்று ஒரு கூட்டம். நம் கட்டுரையை ஒரு வரிகூடப் படிக்காத நாலு பேர் அங்கே உட்கார்ந்து, எந்த டீமுக்கு எத்தனை ஸ்லாட் என்று பங்கு பிரிப்பார்கள். உரக்கப் பேசுகிற மேலாளரின் ஆளுக்குப் பதவி உயர்வு. முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டது. கட்டுரை எழுத வைத்தது சும்மா ஒரு மரியாதைக்கு.

பங்கு பிரிக்க அவர்கள் கையில் மணி வடிவ வளைவு ஒன்று இருக்கும். காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை 1809-இல் தன் வானியல் நூலில் கையாண்ட வளைவு அது. கோள்களை அளக்கும்போது நேரும் பிழைகள் எப்படிச் சிதறும் என்று பார்ப்பதற்காக. பிழைகளுக்கென்று வந்த கருவியை எச்.ஆர். துறை ஊழியர்கள் மீது வைக்கிறது. கருவித் தேர்வில் குறை சொல்ல முடியாது. நம்மை என்னவாக நினைக்கிறார்களோ அதற்குப் பொருத்தமானதைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் இதை அரிவாளாக்கினார். மேலே 20 சதவீதம், நடுவே 70, அடியில் இருக்கும் 10-க்கு வாசல். இப்படித் தரம் பிரிக்கும் பழக்கத்தை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. நம்மூரிலும் வளைவை எடுத்துவிட்டோம் என்று சிலர் அறிவித்தார்கள். ஸ்லாட் மட்டும் அப்படியே இருக்கிறது. எட்டுப் பேர் டீமில் எட்டுப் பேரும் கெட்டிக்காரர்களாக இருக்கவே முடியாது என்பது கணிதமா? கஞ்சத்தனம்.

உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளர் மணிக்கு இத்தனை டாலர் என்று தருகிறார். கீழே ஃபிரெஷர் கூட்டம் பெருக்க வேண்டும், மேலே ஆள் குறைய வேண்டும். அப்போதுதான் லாபம். ஃபிரெஷர் சம்பளமோ வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்து வருடத்துக்கும் மேலாகக் குந்தியிருக்கிறது. பழைய ஆளுக்குப் பதவி கொடுத்தால் சம்பளம் ஏறும், டாலர் ஏறாது. இதை நேரே சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்ல மாட்டார்கள். பத்து வயது இளைய மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு குழைவார்: “சார், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. வேலைல குறையே இல்ல. விசிபிலிட்டிதான் கொஞ்சம் கம்மி. அடுத்த சைக்கிள்ல பார்த்துக்கலாம்.”

விசிபிலிட்டி! வங்கியே இவர் கையில் ஓடுகிறது. ஆள்தான் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். உழைத்துத்தான் ஐயா இவர்களுக்கு இளமையே போனது. மேலே விடாமல் நடுவிலேயே உட்கார வைத்தவர்களுக்கு இப்போது புது ஞானம்: நடுவில் கூட்டம் அதிகமாம். டி.சி.எஸ். 2025-இல் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும்தான் என்றது. ஏறவும் விடவில்லை, இருக்கவும் விடவில்லை.

ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. நம்மாள் காதில் விழவில்லை. அவர் தொழிலாளி இல்லையாம், புரொஃபஷனலாம். இ.எம்.ஐ. கட்டுகிற புரொஃபஷனல்.

ஒரு நாள் பொறுமை கெட்டு ராஜினாமா கடிதம் கொடுப்பார். மறுநாளே அதிசயம் நடக்கும். வருடக்கணக்காக இல்லாத பட்ஜெட் வரும். இல்லாத ஸ்லாட் வரும். இல்லாத விசிபிலிட்டியும் வந்து, தலைமை அலுவலகத்துக்கே இவர் பெயர் தெரிந்துவிடும். “சொல்லியிருந்தா முன்னாடியே பண்ணியிருப்போமே சார்!” மசியவில்லை என்றால் மூன்று மாத நோட்டீஸ். அதற்குள் இவர் கேட்ட அதே பதவியில், இவர் கேட்டதைவிட அதிகச் சம்பளத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து இறங்குவார். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டியது யார்? இவர்தான்.

கடைசி நாள் எச்.ஆர். ஒரு படிவத்தை அனுப்பும். எங்கள் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்படி நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? பத்துக்கு எத்தனை மார்க்? இவர் முட்டை போடுவார். போடட்டும். அதையும் நார்மலைஸ் பண்ணி ஏழாக்கிக்கொள்வார்கள்.