வீட்டுக்காரர் மேல் பழைய கேஸ் உண்டா? விசா வாங்கச் சில வழிகள்

கடலூர் மாவட்டத்தில், பிள்ளைகளை வெளிநாட்டில் குடிவைத்திருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பாக்கள் படிக்க வேண்டாம். படித்தால் "அதெல்லாம் ஒரு கேஸா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். விசா கைநழுவுவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தில்தான்.

மகளுக்கு டொரன்டோவில் ஏழாம் மாதம். சுக்கு, வசம்பு, பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மாப்பிள்ளை அனுப்பிய கனடா விசிட்டர் விசா படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் படிக்கப் படிக்க நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். எந்த நாட்டிலாவது, எப்போதாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. உங்களுக்கு 'இல்லை'. அவர் முறை வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கிறார். சரி, ஏதோ இருக்கிறது.

என்ன என்று அவரிடம் கேட்காதீர்கள். அவருடைய தம்பியை அழைத்து வஞ்சிர மீன் குழம்பு வைத்துப் போடுங்கள். அண்ணன்மார் வழக்கு விவரங்களைத் தம்பிமார் வருஷம், இன்ஸ்பெக்டர் பெயர், ஜாமீன் கொடுத்தவர் பெயர் சகிதம் வைத்திருப்பார்கள்.

நல்ல காலம் என்றால் அது மண்டபக் கைதாக இருக்கும். மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் நிலையத்துக்கு முன்னாலோ, சிதம்பரம் காந்தி சிலைக்குப் பக்கத்திலோ கட்சிக்காக மறியல் செய்திருப்பார். காலை பத்தரைக்கு வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் சாம்பார் சாதம் கொடுத்து, ஐந்து மணிக்கு அனுப்பியிருப்பார்கள். முப்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் "நாங்க எல்லாம் ஜெயிலுக்குப் போனவங்க" என்று சொன்னவர், இந்தப் படிவத்தைக் கண்டதும் "சும்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க" என்பார். முதல் தடவையாக அவர் சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் கைது கைதுதான். அமெரிக்கப் படிவமும் கனடாப் படிவமும் கைதையே கேட்கின்றன. பிரிட்டன் அந்த அளவுக்குப் போவதில்லை. தண்டனை, எச்சரிக்கை, இப்போது நிலுவையில் உள்ள வழக்கு இவற்றைத்தான் கேட்கிறது. அவர் அன்று மறித்த அந்தத் தபால் நிலையத்திலேயே இப்போது பாஸ்போர்ட் சேவை மையம் நடக்கிறது. அதைப் பார்த்து அவருக்கு ஏதாவது தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

அடுத்தது பாண்டி பாட்டில். இது நம் மாவட்டத்துக்கே வாய்த்த பெருமை. கன்னியகோயில், முள்ளோடைக் கடைகளில் வண்ண விளக்குப் போட்டு விற்கும் பாட்டில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு வந்ததும் வழக்குப் பொருள் ஆகிவிடுகிறது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. ராஜாஜி அதை முதலில் அமல்படுத்தியது சேலத்தில். ஆனால் அதன் முழுப் பயனை அனுபவிப்பவர்கள் எல்லையோரத்துக் கடலூர்க்காரர்கள்தான். இந்த எல்லையைத் தாண்டி மாட்டிக்கொண்டவர்களில் உங்கள் வீட்டுக்காரர் முதல் ஆளும் இல்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த பாரதியைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பரில் நிபந்தனைகளோடு விட்டார்கள். கனடாப் படிவம் வந்தால் அவரும் 'ஆம்' என்றுதான் நிரப்ப வேண்டும். நீலன் சிலைப் போராட்டத்தில் சிறை போய், 1937இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான நம் ஊர் அஞ்சலை அம்மாளுக்கும் அதே கட்டம்தான். தேச விடுதலைக்கு, மைத்துனர் கல்யாணத்துக்கு என்று தனித்தனிக் கட்டம் எந்த நாட்டுப் படிவத்திலும் கிடையாது.

பாட்டிலைவிடப் பெரிய சிக்கல், அவர் அதை முடித்துக்கொண்ட விதம். "ஃபைன் கட்டிட்டேன், அன்னைக்கே கேஸ் முடிஞ்சிடுச்சு" என்பார். பெட்டி கேஸ் என்று வக்கீல் குமாஸ்தா சொல்லிக் கொடுத்தபடி கைகட்டி நின்று "ஆமாங்கய்யா" என்றிருப்பார். மாஜிஸ்திரேட் அபராதம் விதித்திருப்பார். இவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார். அந்த "ஆமாங்கய்யா"வுக்குச் சட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்று பெயர். அதன் மேல் போட்ட அபராதம் முழுத் தண்டனை. வழக்கை நடத்தி விடுதலை வாங்கப் பல வருஷம் அலைந்த எதிர்வீட்டுக்காரர் இன்று தண்டனை இல்லாத மனிதர். இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்த கெட்டிக்காரர் தண்டிக்கப்பட்டவர். "கோர்ட் கலையும் வரை" தண்டனை வாங்கியவர் கதை இன்னும் விசேஷம். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படித்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். சட்டப்படி அது வெறுங்காவல்.

ஊரடங்குக் காலத்தில் பைக்கில் சுற்றியதற்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவைப் போட்டிருந்தால் கவலை குறைவு. அப்படிப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அரசே அறிவித்தது. தம் வழக்கு அதில் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது வரப்புச் சண்டை. காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலம் இருந்தால் இது கட்டாயம் இருக்கும். பங்காளி ஒரு சாண் வெட்டினார், இவர் மண்வெட்டியோடு போனார், நாலு வார்த்தை பேசினார், ஒரு தள்ளு தள்ளினார். எஃப்.ஐ.ஆரில் அதே பழைய சட்டத்தின் 294(பி), 323, 506(2). ஆபாசப் பேச்சு, அடி, கொலை மிரட்டல். தமிழ்நாட்டில் வாய்த்தகராறு எதுவும் இந்த மூன்றும் இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததில்லை. அந்த 506(2)ஐ எழுத்தர் ரசத்துக்குப் பெருங்காயம் போடுவது மாதிரி ஒரு சிட்டிகை போட்டு வைத்திருப்பார். அதற்கு அதிகபட்சம் 7 ஆண்டு. அமெரிக்கச் சட்டம் சில்லறைக் குற்றத்துக்குச் சலுகை தருகிறது. ஆனால் கிடைத்த தண்டனை 6 மாதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பிரிவில் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையும் ஓராண்டைத் தாண்டக் கூடாது. பெருங்காயத்தின் வாசனை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகம் வரை வருவது இப்படித்தான். பங்காளியோடு நீதிமன்றத்தில் ராஜி ஆகியிருந்தால், ராஜிக்கு இடமுள்ள பிரிவுகளில் அது விடுதலைக்குச் சமம். அந்த உத்தரவு நகல் தங்கம் மாதிரி. அது பெரும்பாலும் பங்காளி வீட்டில்தான் இருக்கும். அவரோடு இன்றைக்கும் பேச்சு இருக்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய முக்கியமான காரியம், டிராவல்ஸ்காரரிடம் போவது. "அம்மா, 'இல்லை'ன்னு போட்டுடுங்க. கடலூர் கேஸ் கனடாக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். அருமையான யோசனை. செலவையும் நிறைய மிச்சப்படுத்தும். பொய் சொன்னது தெரிந்தால் கனடா 5 ஆண்டு வராதே என்கிறது. ஆஸ்திரேலியா 3 ஆண்டு. பிரிட்டன் 10 ஆண்டு. அமெரிக்கா ஆயுள் சந்தா. விலக்கு கேட்டு மனுப் போடலாம், அவ்வளவுதான். இந்த நாடுகள் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாடு மறுத்ததை அடுத்த நாட்டின் படிவம் பெரும்பாலும் கேட்கும். ஆக ஒரே பொய்யில் பல நாட்டு விமானச் செலவு மிச்சம். பேரன் முதல் பிறந்தநாளை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், கேக் வெட்டுவதற்குள் நெட் கட்டாகாமல் இருந்தால்.

உள்ளூரிலேயே குற்றம் சேர்க்க ஆசை என்றால், வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும்போதே பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் 'இல்லை' போடலாம். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் அதற்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பாட்டில் கேஸை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் கேஸையும் சம்பாதித்த பெருமை குடும்பத்துக்குச் சேரும்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று டிராவல்ஸ்காரர் சொல்ல மாட்டார், ஏனென்றால் அதில் அவருக்கு வேலை இல்லை. கனடாவில், தண்டனை முழுக்க முடிந்து 10 ஆண்டு ஓடியிருந்து, குற்றம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதே குற்றத்துக்கு அங்கே அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுக்குக் கீழே இருந்தால், அவர் திருந்தியவராகவே கருதப்படுவார். திருந்தினாரா என்று யாரும் உங்களிடம் வந்து கேட்பதில்லை. கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது வேறு விஷயம். 5 ஆண்டு ஆகியிருந்தால் மனுப் போட்டு அந்தப் பட்டத்தை வாங்கலாம். பிரிட்டனில் விசிட்டருக்கு 12 மாதத்துக்குக் குறைந்த சிறை என்றால் அது முடிந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். அபராதம் என்றால் தீர்ப்புத் தேதியிலிருந்து 12 மாதம். அவர் பாட்டில் 1994இல் பிடிபட்டது என்றால் அந்த 12 மாதம் 1995இலேயே முடிந்துவிட்டது. 12 மாதமும் அதற்கு மேலும் சிறை என்றால்தான் கதவு அடைபடுகிறது. முப்பது வருஷமாக வீட்டில் பேசாமல் அடைகாத்த ரகசியத்துக்கு வெளியே இவ்வளவுதான் மதிப்பு.

நம் பக்கத்துத் தடை ஒன்று உண்டு. வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. எஃப்.ஐ.ஆர் மட்டும் இருந்தால் அது நிலுவை வழக்கே இல்லை, நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் 2019இல் எழுதியே கொடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் இருக்கிறது என்றாலும், அந்த நீதிமன்றத்திடமே அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் உண்டு. 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. உத்தரவில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். ஆகவே வக்கீலிடம் "காலத்தையும் மனுவிலேயே கேளுங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர் முறைப்பார். பரவாயில்லை.

இனி காகிதம். வழக்கு முடிந்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அதற்கு வழக்கு எண் வேண்டும். வழக்கு எண்ணுக்கு அந்த அபராத ரசீது வேண்டும். அந்த ரசீது 2011 டிசம்பர் 30 தானே புயலில் போனது என்பார். கடலூர்க்காரர்களுக்குத் தானேயில் போகாத காகிதமே கிடையாது. ஸ்கூல் மார்க் ஷீட்டில் கணக்கு மார்க் மட்டும் நனைந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். எண் இல்லாவிட்டாலும் வருஷம், ஸ்டேஷன், பெயர் வைத்து வக்கீல் குமாஸ்தா பதிவேட்டில் தேடித் தருவார். அவருக்கு டீயோடு வடையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். அந்தப் பதிலை முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். தீர்ப்பு இல்லை என்பதற்கும் ஒரு காகிதம் இருந்தால் அதுவும் ஆவணம்தான். கூடவே போலீஸ் நற்சான்றிதழ். ஆன்லைனில் 500 ரூபாய். அதில் 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்துவிட்டால் அவர் துள்ளிக் குதித்து "பார்த்தியா, கேஸே இல்லை" என்பார். உடனே படிவத்தை மாற்றச் சொல்வார். விடாதீர்கள். ஸ்டேஷனுக்குத் தெரியாததும் நடக்காததும் ஒன்றல்ல. கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது, ஸ்டேஷனிடம் அல்ல.

இந்த அமளியில், நீங்கள் அவருடைய மனைவி என்பதற்குச் சான்று இல்லாமல் போவதும் உண்டு. திருவந்திபுரத்தில் ஒரே முகூர்த்தத்தில் நடந்த பல கல்யாணங்களில் ஒன்று உங்களுடையது, பதிவு செய்யவில்லை. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் ஏறியிருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அவருடைய குற்றத்தை நிரூபிக்க ஆதாரம் இருக்கிறது, உங்கள் கல்யாணத்துக்கு இல்லை என்பதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக விளக்கக் கடிதம். ஒரு பக்கம். என்ன நடந்தது, எந்த வருஷம், எந்தப் பிரிவு, என்ன தண்டனை, எப்போது முடிந்தது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அவ்வளவு போதும். அவரை எழுத விட்டால் முள்ளோடைக் கடையில் அன்றைக்குக் கூட்டம் எவ்வளவு என்பதில் ஆரம்பிப்பார். ஆல்பேட்டையில் முன்னால் போன காரை விட்டுவிட்டுத் தம் டி.வி.எஸ் 50ஐ நிறுத்திய அநியாயத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவார். அதை அடித்துவிடுங்கள், உண்மைதான், இருந்தாலும் அடியுங்கள். பாட்டில் தமக்கு இல்லை, மைத்துனர் கேட்டதால் வாங்கியது என்று எழுதியே தீர வேண்டும் என்பார். எக்காரணம் கொண்டும் உங்கள் தம்பி பெயரை அதில் எழுத விடாதீர்கள். அவன் மகளும் மெல்போர்னில் இருக்கிறாள். அடுத்த தை பிறந்தால் அவனும் அப்ளை பண்ணுவான்.