கடல்கன்னிக்கு வெயில் படுமா?

என் அக்கா மகன் விலங்கியலில் அரியர் வைத்தவன். அவன்தான் 2022 செப்டம்பரில் திடீரென்று கடல் உயிரியல் பேச ஆரம்பித்தான். 'தி லிட்டில் மெர்மெய்ட்' டீசர் வந்திருந்தது. ஏரியலாக ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண்.

"மாமா, ஆழ்கடல்ல வெயிலே கிடையாது. வெயில் இல்லாத எடத்துல மெலனின் எதுக்கு? அவ கறுப்பா இருக்கவே முடியாது."

இது அவன் சொந்தச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் ஒரு விமர்சகர், அறிவியல்படி பார்த்தால் கடல்கன்னி கண்ணாடிபோல நிறமில்லாமல் இருக்க வேண்டும் என்று பேசியிருந்தார். இடுப்புக்குக் கீழே செதில் இருப்பதிலோ, நண்டு பாட்டுப் பாடிப் புத்தி சொல்வதிலோ மருமகனுக்கு ஆட்சேபணை இல்லை.

"அறிவியலை விடுங்க மாமா, மூலக்கதையைக் கெடுக்கறாங்களே!" என்று அடுத்த நாள் கட்சி மாறினான். ஆண்டர்சன் 1837-இல் எழுதிய மூலக்கதையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகாது. இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ள, இவள் நுரையாகிக் காற்றோடு போகிறாள். 1989-இல் டிஸ்னி முடிவையே மாற்றி, இளவரசனுக்கே அவளைக் கட்டிவைத்தது. மூலக்கதையின் காவலர்கள் அதை மொய் எழுதாத குறையாக ஏற்றுக்கொண்டார்கள். நிறம் மாறியதும்தான் ஆண்டர்சன் மேல் பாசம் பொங்கியது.

அதே செப்டம்பரில் 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் வந்தது. குள்ளர் குல இளவரசி டீசாவாக சோஃபியா நொம்வெட்டே. அங்கே இரண்டு கட்சி. சுரங்கத்துக்குள் வாழ்கிறவள் எப்படிக் கறுப்பாக இருப்பாள் என்பது ஒன்று. குள்ளர் பெண்களுக்குத் தாடி உண்டென்று டோல்கீன் எழுதியிருக்கிறாரே, அது எங்கே என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது கட்சிக்காரர்கள் மேல் மரியாதை உண்டு. புத்தகத்தைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்! கும்பல் கும்பலாக வந்து விழுந்த ஒற்றை நட்சத்திரங்களைத் தாங்காமல், பார்வையாளர் விமர்சனங்களை 72 மணி நேரம் நிறுத்திவைத்துத்தான் வெளியிட்டது அமேசான்.

நிறம் கதையை உண்மையிலேயே பாதித்த இடம் ஒன்று உண்டு. 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரில் வெலாரியன் குடும்பத்தைக் கறுப்பினத்தவராக ஆக்கினார்கள். கோர்லிஸாக நடித்த ஸ்டீவ் டூசான்டுக்கு வசவு வந்தது. பறக்கும் டிராகனை நம்புகிறவர்களால் பணக்காரக் கறுப்பனை நம்ப முடியவில்லையே என்ற பொருள்பட அவரும் திருப்பிக் கொடுத்தார். கதையில் கோர்லிஸின் மகன் லேனோர் கறுப்பு, மருமகள் ரெனைரா வெள்ளை, பேரன்கள் மூவரும் சுண்ணாம்பு வெள்ளை. புத்தகத்தில் பிள்ளைகளின் முடியையும் மூக்கையும் வைத்துக் கிசுகிசுத்த ரகசியம் இங்கே தர்பாருக்கே வெட்டவெளிச்சம். ஆனாலும் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேமண்ட் என்ற பங்காளி மட்டும் வாய்விட்டுச் சொன்னார். வாய்க்கு மேலே இருந்த தலை தனியாகப் போய்விட்டது. நிறத்தை மாற்றியதால் காட்சிக்குக் காரம் கூடியது என்பேன், மருமகன் ஒப்பவில்லை.

நிறம் மாற்றுவது புதிதும் அல்ல. 1984-இல் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் வெள்ளைக்காரர் அலெக் கின்னஸ் மாநிறம் பூசிக்கொண்டு பேராசிரியர் காட்போலே ஆனார். அந்தப் படத்துக்கு 2 ஆஸ்கார். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மும்பையிலிருந்து வெள்ளையாக ஒரு பெண்ணை வரவழைத்து, கறுப்புச் சாயம் பூசிக் கிராமத்துப் பெண்ணாக்கி, குரலை வேறொருவரிடம் வாங்குகிறவர்கள்தானே.

கடல்கன்னிக்கு முன்பே, 2022 மார்ச்சில் 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பருவம் வந்திருந்தது. நாவலில் கேட் ஷெஃபீல்டு என்ற வெள்ளைக்காரப் பெண், தொடரில் கேட் ஷர்மா. நடித்தவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சிமோன் ஆஷ்லி. அப்பாவை "அப்பா" என்கிறாள், அக்காவைத் தங்கை "தீதி" என்கிறாள், நலங்குக்கு மஞ்சள் பூசுகிறார்கள், பின்னணியில் 2001-இல் வந்த இந்திப் படப் பாட்டின் மெட்டு. 1814 லண்டனில் இந்தியப் பெண் பிரபுவைக் கட்டுவதா, வரலாறு என்னாவது என்று ஒரே கூப்பாடு.

சரி, வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கேட், இங்கிலீஷ் டீயைப் பழித்துவிட்டுத் தன் டீக்கு ஏலக்காய் இடிக்கிறாள். அசாம் தேயிலை முதன்முதலாக லண்டன் போனது 1838-இல். நம் வீடுகளில் டீ நுழைந்தது இருபதாம் நூற்றாண்டில். 1814-இல் பம்பாயிலிருந்து வந்த பெண்ணுக்கு மசாலா டீ நாக்கு எங்கிருந்து வந்தது? தோலை உற்றுப் பார்த்தவர்கள் டம்ளருக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

என் அம்மா மூன்று நாளில் அதை முழுதாகப் பார்த்து முடித்தாள். கேட் லட்சணமாம், மாப்பிள்ளை ஆண்டனிக்குத்தான் "ஒடம்புல ரத்தமே இல்லையாம், முருங்கைக்கீரை கொடுக்கணும்." நிற விவகாரம் அத்தோடு முடிந்தது. அவளுக்கு ஆறாதது வேறு விஷயம்.

"ஏண்டா, அக்காக்காரி கல்யாணம் ஆகாம நிக்கறப்ப தங்கச்சிக்கு எவனாவது மாப்பிள்ளை பாப்பானா? மணமேடை வரைக்கும் வேற போயாச்சு. அத்தனை செலவும் யாரோடது?"

"ராணியோடது பாட்டி" என்றான் மருமகன்.

"அப்ப சரி" என்றாள். "மூணாவது பருவத்தைப் போடு."