கெட்டிக்காரிக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகள் கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, வகுப்பில் வம்பளக்கிறாளாம். இப்போதே ஐ.ஐ.டி. கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, தி. நகர்

பதில்: வேண்டாம். பத்துக் கணக்கைச் சட்டென்று முடித்தவளுக்கு அதே மாதிரி இன்னும் இருபது கொடுத்தால் அது பரிசல்ல, தண்டனை! கடினமாக ஒன்றே ஒன்று கொடுங்கள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். வம்பு தானே நிற்கும்.

மயிலாப்பூரில் வளர்ந்த வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுவரை வீட்டில்தான் படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார் இந்த மாணவர். 'நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது' என்று சொன்ன அந்தப் பெரியவர், இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். மறு ஆண்டே மாணவரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1983இல் நோபல் பரிசு!

உங்கள் மகளுக்கும் தேவை அப்படியொரு பெரியவர். கணக்கு ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். புத்தகத்தை அவளே எடுக்கட்டும். திருவல்லிக்கேணியில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறித் தேர்வை எழுதச் சொல்லுங்கள், ரேங்க் கேட்காமல்.

மாலையில் விளையாட விடுங்கள். கணக்கில் எட்டாவது படிக்கும் அறிவு இருந்தாலும், அவளுக்கு வயது பதினொன்றுதான்.